ஒப்புநோக்குநர் கேட்ட கேள்வி

சில வாரங்களுக்கு முன்னர், வெள்ளவத்தையில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் என்னை மறித்தார். இணையச் செய்தித்தளம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதங்களாகின்றனவாம். முகத்தில் களைப்புத் தெரிந்தது.

"அங்கிள், எங்கட கந்தோரில நான் மட்டும்தான் கிறிஸ்தவன். அதைச் சொல்லித் திரியவும் விருப்பமில்லை, ஒளிக்கவும் மனமில்லை. நீங்கள் எப்பிடி நாற்பது வருசம் இந்தத் தொழிலில இருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

காலி வீதியில் பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலைச் சாட்டாக வைத்து, "பிறகு ஆறுதலாகக் கதைப்போம்" என்று சொல்லி நழுவிவிட்டேன். உண்மையில் என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசையும் பொன்னம்பலவாணேசர் கோயிலின் மணியோசையும் காற்றில் கலந்துவரும் பகுதி அது. இலங்கையில் நூறு பேரில் ஏழெட்டுப் பேரே கிறிஸ்தவர்கள். அவர்களிலும் தமிழர், அவர்களிலும் எங்களைப் போன்ற சிறு சபைகளைச் சேர்ந்தவர்கள் என்று பார்த்தால், சிறுபான்மைக்குள் சிறுபான்மை. ஆயினும் அயலவர்கள் எவரும் எங்களை அந்நியராகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

1976ஆம் ஆண்டு கொழும்பிலே ஒரு தமிழ் நாளேட்டில் பயிலுநர் நிருபராகச் சேர்ந்தேன். பத்திரிகைக் காரியாலயம் என்பது எல்லாச் சமயத்தவரும் உள்ள, எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாத இடம். சரஸ்வதி பூசையன்று அச்சு இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசப்படும். சுண்டல் எல்லோருடைய மேசைக்கும் வரும். நோன்பு காலத்தில் கஞ்சி வரும். நத்தாருக்கு என் தாயார் செய்த கேக் அச்சுக்கூடம்வரை போகும். இதற்கப்பால் எவரும் எவருடைய சமயத்தையும் பற்றிப் பேசுவதில்லை. செய்தி சரியா, பிழையா என்பதே அங்கு பேச்சு.

அங்கே ஒப்புநோக்குநர் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. ஊரில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் நாங்கள் அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்போம். அச்சுக்கோப்பாளர்கள் ஈய எழுத்துக்களைக் கையாலே கோத்த காலம் அது. ஈரத்தாளில் எடுத்த படி அவருடைய மேசைக்கு வரும். ஒற்று விடுபட்டிருந்தால் மட்டுமல்ல, கருத்து விடுபட்டிருந்தாலும் அவர் கண்டுபிடிப்பார். மரண அறிவித்தலில் ஒரு பெயர் தவறினால் அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுவதும் அந்தத் துண்டைத்தான் வைத்திருக்கும் என்று சொல்லி, இரவு பதினொரு மணிக்கும் அச்சைத் தாமதப்படுத்துவார். அந்த மனிதருக்கு அதனால் கிடைத்தது ஏச்சு மட்டுமே. சம்பளம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடமையைக் கடவுளுக்கென்று செய்ய வேண்டும் எனப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். அது எப்படியிருக்கும் என்பதைத் திங்கட்கிழமைகளில் ஒரு சைவப் பெரியவரிடமே பார்த்தேன். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

தானியேலின் கதையை நம் சபைகளில் சிங்கக் கெபியிலிருந்தே தொடங்குவார்கள். அதற்கு முன்னர் நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. சிறைப்பட்டுப் போன அந்த இளைஞன் பாபிலோனின் மொழியையும் இலக்கியத்தையும் முறையாகக் கற்றான். அந்நிய அரசின் நிர்வாகத்தில் உயர்ந்தான். பொறாமை கொண்டவர்கள் அவனை வீழ்த்த நினைத்தபோது முதலில் துருவியது அவனுடைய உத்தியோகக் காரியங்களைத்தான். அங்கே ஊழலோ கவலையீனமோ அகப்படாத பின்னரே அவனுடைய பிரார்த்தனையைக் குற்றமாக்க வழி தேடினார்கள். என்னுடைய குறிப்புப் புத்தகங்களை ஒருவர் அப்படித் துருவினால் என்ன அகப்படும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நமது மண்ணில் இதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். கொழும்பில் ஆசிரியராக இருந்து, பின்னர் சட்டம் பயின்று, சிவில் வழக்குகளில் பெயர்பெற்றவர். புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். ஆனால் அவர் தெரிந்தெடுத்த காங்கேசன்துறைத் தொகுதியோ மாவிட்டபுரமும் கீரிமலையும் அமைந்த சைவ மண்.

1948இல் கொண்டுவரப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அந்த மக்களிடம் செல்வநாயகத்துக்கு ஒரு வாக்கும் இல்லை. அமைச்சரவையில் சேர்ந்த தமது கட்சித் தலைமையோடு ஒத்துப்போயிருந்தால் அவருக்கு நட்டம் ஏதும் வந்திராது. அவர் விலகினார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் அதே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். தோற்றபின் கொள்கையை மாற்றிக்கொள்ளவுமில்லை, தொகுதியை மாற்றிக்கொள்ளவுமில்லை. 1956இல் அதே மக்கள் அவரைத் தெரிவு செய்தார்கள். குடியரசு அரசியலமைப்பை எதிர்த்து 1972இல் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலுக்காக இரண்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்து, 1975 பெப்ரவரியில் 16,000க்கும் அதிகமான வாக்குகளால் வென்றார். அப்போது முதுமையும் பார்க்கின்சன் நோயும் அவரை வாட்டியிருந்தன. சைவ மக்கள் ஒரு கிறிஸ்தவரைத் 'தந்தை' என்று அழைத்தது அவருடைய சமயத்தை மறந்ததால் அன்று. அவருடைய சொல்லை நம்பலாம் என்று கண்டதால்.

அவருடைய அரசியலோடு உடன்படாதவர்கள் பலர் உண்டு. அவர்களும் அவருடைய நேர்மையை ஐயுற்றதாக நான் அறியேன். ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. 1968இல் அவருடைய தொகுதிக்குள்ளேயே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதில் அவர் இன்னும் துணிந்து முன்னின்றிருக்க வேண்டும் என்ற விமர்சனம் இன்றுவரை உண்டு. அது பிறசமயக் கோயில் என்ற தயக்கத்தை விளங்கிக்கொள்ள முடிகிறது. எனினும், தூரத்தில் நடக்கும் அநீதியைவிட நமது முற்றத்தில் நடப்பதே நமக்குப் பேசக் கடினமானது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஏனெனில் நான் தவறியதும் என் முற்றத்திலேதான்.

1981இல் நகரிலுள்ள ஒரு சபையில் கட்டட நிதிப் பணம் காணாமற்போனது. ஆயிரத்து இருநூறு ரூபா. அன்றைக்கு அது சிறிய தொகையல்ல. ஆலயப் பணியாளர் ஒருவரே எடுத்தார் என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார்கள். அந்தச் சபையின் போதகர் எனக்கு வேண்டியவர். அவர் சொன்னதைக் கேட்டு, ஒன்பது வரியில் செய்தி எழுதினேன். பணியாளரின் பெயரையும் போட்டேன்.

படி மாஸ்டரிடம் போனது. சற்று நேரத்தில் அதைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த ஆளிட்டக் கேட்டனீரோ?"

"போதகர் சொன்னவர், மாஸ்டர். அவர் பொய் சொல்ல மாட்டார்."

"அவர் பொய் சொன்னவர் எண்டு நான் சொல்லேல்லை. அந்த ஆளிட்டக் கேட்டனீரோ எண்டுதான் கேட்டனான்."

நான் கேட்கவில்லை. நேரமில்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். எழுத்துப் பிழை இல்லாத செய்தியை நிறுத்தும் அதிகாரம் ஒப்புநோக்குநருக்கு இல்லை. மறுநாள் செய்தி வெளியாயிற்று.

நான்கு மாதங்களுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது அந்தப் பணம் வேறொரு கணக்கில் தவறுதலாக வரவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எவரும் திருடவில்லை. ஆனால் பணியாளர் மீண்டும் வேலைக்கு அழைக்கப்படவில்லை. போதகர் என்னிடம், "இதைப் பெரிசாக்க வேண்டாம் தம்பி, மற்றச் சமயத்தார் சிரிப்பினம்" என்றார். நானும் சம்மதித்தேன். சபையின் சமாதானத்தைக் காக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரசியல்வாதியின் ஆட்கள் கொடுத்த கடித உறைகளைத் திருப்பி அனுப்பியவன் என்று அந்நாட்களில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. உறைக்கு விலைபோகாதவன் ஒரு போதகரின் புன்னகைக்கு விலைபோனேன்.

1983 ஜூலைக் கலவரத்தில் மாஸ்டர் தங்கியிருந்த அறை எரிந்தது. அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர் கொழும்புக்குத் திரும்பவில்லை. அவருடைய கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

1992இல் நான் செய்தி ஆசிரியரானேன். திருத்தம் வெளியிட எவருடைய அனுமதியும் எனக்குத் தேவைப்படவில்லை. பதினொரு வருடங்களுக்கு முன்னர் வெளியான செய்தி தவறானது என்றும், அந்தப் பணியாளர் குற்றமற்றவர் என்றும் ஐந்து வரிகள் எழுதி, பத்திரிகையை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து நான்கு வருடங்களாகியிருந்தன. மகள் கதவருகில் நின்றபடி வாசித்தார். அழவுமில்லை, ஏசவுமில்லை. "அப்பா நாள் தவறாமல் பேப்பர் வாசிக்கிறவர்" என்று மட்டும் சொன்னார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். எனக்குக் குடிக்க முடியவில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பின்னரும் இதை எழுதுவதற்கு 2019ஆம் ஆண்டும் ஒரு காரணம். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும்கூட மெழுகுவர்த்தியோடு வரும் இடம் அது. சிறு வயதில் தாயாரோடு நானும் போயிருக்கிறேன். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் அதே காலையில் குண்டுகள் வெடித்தன. இறந்தோர் தொகை முதலில் 359 என்று கூறப்பட்டு, ஏப்ரல் 25ஆம் திகதி 253 எனச் சுகாதார அதிகாரிகளால் திருத்தப்பட்டது. எண்ணிக்கையே இப்படியென்றால் வதந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரங்களில் என் கைத்தொலைபேசிக்குச் சபை நண்பர்களிடமிருந்து வந்த தகவல்களுக்குக் கணக்கில்லை. இன்ன கடையில் சாப்பிடாதீர்கள், இன்ன வைத்தியரிடம் போகாதீர்கள் என்றெல்லாம். எல்லாம் முஸ்லிம்களைப் பற்றியவை. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். துக்கத்திலும் பயத்திலும் இருந்தவர்கள். நான் ஒவ்வொருவருக்கும் மாஸ்டரின் கேள்வியையே அனுப்பினேன். சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதே மாதம், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஒருவர் கைதானார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, அவர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். 2022இல், நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய வேளையில், நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த இருபத்தாறு இலட்சத்துக்கும் அதிகமான ரூபாவை மருந்து வாங்குவதற்கென்றே அவர் திருப்பிக் கொடுத்தார். பகைவரை நேசிப்பதைப் பற்றி நாம் பேசுகிறோம். அதை அவர் செய்துகாட்டினார்.

இனி அந்த இளைஞருக்கு என் பதில்.

தம்பி, கந்தோரில் நீங்கள் ஒருவரே கிறிஸ்தவர் என்பதை எண்ணிக் கலங்க வேண்டாம். நேர்மையும் திறமையும் நமது சபைக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து அன்று. உங்களுக்கு முன்பே அங்கே ஒரு மாஸ்டர் இருக்கக்கூடும். அவரைக் கண்டுபிடித்து அருகில் அமருங்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி எவராவது கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்கும்வரை உங்கள் செய்தி பேசட்டும். பெயரைச் சரியாக எழுதுங்கள், தொகையை இரண்டு முறை பாருங்கள், குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். தவறினால் அடுத்த நாளே திருத்துங்கள். பதினொரு வருடம் காத்திருக்காதீர்கள்.

சோதனை வெளியிலிருந்துதான் வரும் என்று நினைத்து அந்தப் பக்கக் கதவை மட்டும் பூட்டிவைத்தவன் நான். அது ஆராதனை முடிந்து கைகுலுக்கும் வரிசையிலும் வரும். அடுத்த ஞாயிறு அதே வாசலில் நிற்பேன். இம்முறை நழுவமாட்டேன்.