பன்னிரண்டு சொற்கள்

தைப்பிங் நகரில் மழை பெய்யாத மாலை அரிது. அத்தகைய ஒரு மாலையில், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அவருடைய மகன் ஒரு சிறு தாளைக் கொடுத்தான். அதில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வரிசை எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. எல்லாம் எளிய சொற்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. சிங்கப்பூரில் பணிபுரியும் அவன், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைப் பிட்காயினாக மாற்றி வைத்திருந்தான்.

“கைப்பேசி தொலைந்தாலும் இந்தச் சொற்கள் இருந்தால் பணம் திரும்பிவிடும், அப்பா. இவை பிறர் கையில் கிடைத்தால் பணம் போய்விடும். படம் எடுத்துவிடாதீர்கள், கணினியிலும் எழுதி வைக்காதீர்கள்” என்றான்.

ஆசிரியர் சிரித்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் தோட்டப் பள்ளிகளில் வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் பிள்ளைகளின் நாவில் ஏற்றியவர் அவர். பன்னிரண்டு சொற்கள் அவருக்கு ஒரு பொருட்டா?

“இதற்குப் பதில் ஒரு குறளையே திறவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாதா, தம்பி?” என்று கேட்டார்.

மகன் மறுத்தான். குறட்பாக்கள் 1330. அத்தனையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரத்து வேலை. தமக்குப் பிடித்த பாட்டடியைத் திறவுகோலாக்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. மனிதன் விரும்பித் தேர்ந்ததைப் பிறிதொரு மனிதன் ஊகித்துவிடுவான். ஆகவேதான் இச்சொற்களை மனிதன் தேர்ந்தெடுப்பதில்லை. 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் கருவியே எடுத்துத் தருகிறது. அவ்வாறு பிறக்கக்கூடிய தொடர்களின் தொகை 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்.

அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்கள் மொழியறிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே இனங்காணலாம். எளிதில் மயங்கக்கூடிய சொற்களைத் தவிர்க்க முயன்றிருக்கிறார்கள். சீனம், சப்பானியம், கொரியம், பிரெஞ்சு, செக் முதலிய மொழிகளுக்கும் பட்டியல் உண்டு. அவ்வரிசையில் தமிழ் இல்லை. இருந்திருந்தால் ரகர றகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டிருப்பார்களோ என்று ஆசிரியர் எண்ணிப் பார்த்ததுண்டு.

பன்னிரண்டையும் அவர் ஒரு தமிழ்க் கதையாக்கி மனத்தில் பதித்துக்கொண்டார். அக்கதையை இங்கே சொல்வதற்கில்லை. தாள், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த மகளின் வீட்டு அலமாரிக்குப் போயிற்று. 2021 டிசம்பரில் வெள்ளம் அப்பகுதியை மூழ்கடித்தபோது, மற்றப் பத்திரங்களோடு அதுவும் கூழாகியது. மகள் தொலைபேசியில் அழுதாள். “தாள் போனால் என்னம்மா, நெஞ்சில் இருக்கிறது” என்று ஆசிரியர் தேற்றினார். மறுபடியும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

2023இல் மகனின் கைப்பேசி பழுதாகி அடியோடு செயலிழந்தது. தீபாவளிக்கு வீடு வந்தவன் புதிய கருவியொன்றை மேசைமேல் வைத்தான். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பறைக் குரலில், பன்னிரண்டு சொற்களையும் சொல்லி முடித்தார். கருவி ஏற்கவில்லை. மீண்டும் சொன்னார். அப்போதும் ஏற்கவில்லை.

பிழை கதையில்தான் இருந்தது. உண்மைச் சொல்லை மறைத்து வேறோர் எடுத்துக்காட்டால் விளக்குவதானால், கதையில் ‘தெரு’ என்று வருகிறது என்க. பட்டியலிலோ ‘ஸ்திரீட்’ உண்டு, ‘ரோட்’டும் உண்டு. நெஞ்சு பொருளைக் காத்து வைத்திருந்தது. கருவி எழுத்தைக் கேட்டது. போதாக்குறைக்கு, கதையின் நடுவில் எந்தக் காட்சி முந்தியது, எது பிந்தியது என்பதிலும் அவருக்கு ஐயம் வந்துவிட்டது.

மூன்று சொற்களையும் நான்கு வகை வரிசைகளையும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தார்கள். ஐந்தாம் முறை கருவி ஏற்றுக்கொண்டது. பை திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தேநீர் கொண்டுவந்த அம்மையார் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கோப்பைகளை ஓசைப்படாமல் வைத்தார். மகனின் பத்தாண்டு உழைப்பைத் தம் செருக்கு விழுங்கிவிட்டதாகவே ஆசிரியர் அப்போது நினைத்தார்.

சற்று நேரம் கழித்தே மகனுக்கு உண்மை விளங்கியது. பன்னிரண்டாம் சொல்லின் ஒரு சிறு பகுதி, தொடர் முழுவதையும் சரிபார்க்கும் கணக்காக அமைந்துள்ளது. தவறான தொடர்களில் பெரும்பாலானவற்றை அது தடுத்துவிடும்; ஆயினும் ஏறத்தாழப் பதினாறில் ஒன்று தப்பிவிடும். திறந்தது அவனுடைய பையன்று. எவருக்கும் உரியதல்லாத வெறும் பை. மீதியிருந்தவற்றைத் தொடர்ந்து முயன்றார்கள். இரவு பதினொன்றரை மணிக்கு ஒன்பதாம் தொடர் சரியாக வந்தது.

மறுவாரம் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் இரண்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை உளியச்சால் தட்டிப் பதித்தார்கள். தைப்பிங்கின் ஈரமும் கறையானும் அவற்றை ஒன்றும் செய்யா. ஒன்று சிங்கப்பூருக்குப் போயிற்று; மற்றொன்று இருக்குமிடத்தை அம்மையார் அறிவார். கூடுதலாக ஒரு கடவுச்சொல்லைச் சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதை மறந்தால் தகடும் பயனற்றுப் போகும் என்று மகன் விட்டுவிட்டான். அது சரியான முடிவே.

ஆசிரியரோ மனனத்தைக் கைவிடவில்லை. கதையைக் களைந்துவிட்டு, ஆங்கிலச் சொற்களையே ஒலியும் எழுத்துமாகப் பயின்றார். மாதம் ஒருமுறை அவற்றைத் தாளில் எழுதுகிறார். அம்மையார் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு தாள் விளக்குத் தீயில் எரிகிறது. சென்ற மாதம் எட்டாம் சொல்லில் பேனா நின்றது. அம்மையார் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தார். வெளியே மழை வலுத்தது. நெடுநேரம் சென்றபின் அவரே எழுதினார்.