இடம்புரி

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. உள்ளே பழைய டிரைவிங் லைசென்ஸ், தேய்ந்த இரண்டு ஸ்பார்க் பிளக், பூப்பாறையில் எடுத்த ஒரு போட்டோ. அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஓர் இரும்புத் துண்டு. கட்டைவிரல் பருமன், அறுகோணத் தலை, உள்ளே மரை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுத்து இறுகிப்போன கிரீஸ் விட்டதும் தலையைச் சுற்றி ஒரு வரி தெரிந்தது. யாரோ வேண்டுமென்றே வெட்டிய வரி. அறுபது வருடத் துருவும் அதை அழிக்கவில்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் கடைத்தெருவில் தமிழ்தான் புழங்கும். அங்கே லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் அதைக் கொண்டுபோனேன். மரை போட்ட கம்பி ஒன்றை எடுத்து உள்ளே திருகிப் பார்த்தார். ஏறவில்லை. இன்னொன்று, அதுவும் ஏறவில்லை.

"ஏனுங்க, இது லெஃப்ட் மரைங்க. வலத்த திருகுனா கழண்டுக்கும், இடத்த திருகுனாத்தான் ஏறும். ஜீப்பு ஷாக்கிள் புஷ்ஷு மாதிரி இருக்குது. ஆனா லெஃப்ட் மரையில நா பார்த்ததில்லீங்க."

சங்கில் வலம்புரிதான் அரிது, ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. இந்த இரும்பில் அது தலைகீழ். அப்பா எதற்காக ஓர் இடம்புரியை இத்தனை பத்திரமாகச் சுற்றிவைத்தார்? தேடல் அங்கேதான் தொடங்கியது.

ஷாக்கிள் என்பது என்னவென்று வண்டி ஓட்டுகிற பலருக்கே தெரியாது, கண்ணில் படுகிற இடத்தில் அது இருப்பதில்லை. ஜீப்பின் அச்சு ஸ்பிரிங் பட்டைகளின் நடுவில் யூ போல்ட்டால் கட்டப்பட்டிருக்கும். பட்டைகள் வில் போல வளைந்தவை. மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்ணாக இருக்கும். ஒரு கண் சேசிஸோடு ஒரே போல்ட்டில் நிற்கும். மறு கண் அப்படி நிற்க முடியாது. பாரம் ஏறினாலோ சக்கரம் கல்லில் ஏறினாலோ வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளும். ஒரு மூங்கில் பட்டையை வளைத்துவைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்குக் கண் 1 மீட்டர், நடுவில் 10 சென்டிமீட்டர் வளைவு என்றால், அது முழுக்கத் தட்டையாகும்போது இரண்டரை சென்டிமீட்டருக்கும் அதிகமாக நீள்கிறது. அந்த நீளம் எங்கே போகும்? இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் வில் வில்லாக இருக்காது, பாலத்து வளைவுபோல் முறைத்துக்கொண்டு நிற்கும். பிறகு ஏதாவது ஒன்று உடையும். அதனால் மறு கண்ணை நேராகச் சேசிஸில் மாட்டாமல், நடுவில் ஒரு சிறு ஊஞ்சலைத் தொங்கவிட்டு அதில் மாட்டுகிறார்கள். வில் நீளும்போது ஊஞ்சல் ஆடி இடம் கொடுக்கும். அந்த ஊஞ்சல்தான் ஷாக்கிள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விலங்கு என்று பொருள். பட்டையை அசையவிடுகிற உறுப்புக்கு இந்தப் பெயர் பொருந்தவில்லை என்றே எனக்கு இன்றும் படுகிறது.

ஊஞ்சலென்றால் அது ஆடும் இடத்தில் தேய்மானம் உண்டு. அங்கேதான் தேய்மானத்தைத் தாங்கும் உறையாகப் புஷ் வருகிறது.

வடகரப்பதியில் என் பெரியம்மா வீட்டுத் தொழுவத்தில் ஒரு வில்வண்டி கிடக்கிறது. மாடு பூட்டி நாற்பது வருடம் இருக்கும். சிறு வயதில் அதன்மேல் ஏறி விளையாடியவன், ஜீப்புக்கு முந்தைய வில் எப்படி இருந்தது என்று பார்க்க இப்போது அதன் அடியில் டார்ச் விளக்கோடு படுத்தேன். பாரவண்டியில் அச்சுக்கும் பாருக்கும் நடுவே ஒன்றும் இருக்காது, பாதையின் குலுக்கல் அப்படியே முதுகெலும்பில் ஏறும். வில்வண்டியில் அந்த இடைவெளியில் இரும்புப் பட்டைகள் அடுக்காக இருக்கின்றன. தமிழில் அதற்கு வேறு பெயர் தேடவில்லை, பார்த்ததும் வில் என்று சொல்லிவிட்டார்கள். வடக்கே இந்தியில் கமானி என்பதும் அதே கதைதான், பாரசீகத்தில் கமான் என்றால் வில். பட்டையின் முனையில் டார்ச்சை அடித்தேன். இரண்டு சிறு இரும்புத் தகடுகள், மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. ஜீப்பில் இருக்கும் அதே ஊஞ்சல்! புஷ் மட்டும் இல்லை, இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. மேல் ஆணி ஒரு பக்கம் தேய்ந்து பிறை போல ஆகியிருந்தது. கண்ணின் துளையும் நீள்வட்டமாகிவிட்டது.

"மாசத்துக்கு ஒருக்கா மசை போடோணும். போடலீன்னா கிறீச் கிறீச்சுன்னு ஊரையே கூட்டும்" என்றார் பெரியம்மா. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மசை. அதன் வாசனை நினைவிருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வில் எங்கள் ஊர்க் கொல்லன் கண்டுபிடித்ததில்லை. வண்டிகளைத் தோல் வாரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஐரோப்பாவில் பட்டை ஸ்பிரிங்குகள் மெல்லமெல்லப் புகுந்தன. 1804இல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி கட்டுபவர், பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாகச் சேர்த்து வண்டியை அச்சின்மேல் நேராக ஏற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை வண்டிக்கு அடியில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்துக் கிடந்த கனத்த மரக்கட்டை தேவையற்றதானது, வண்டி இலேசானது. அதே வில் கப்பலேறி இங்கே வந்து மாட்டின் பின்னால் பூட்டப்பட்டது.

வந்த பிறகு அது வெறும் சொகுசாக மட்டும் இருந்துவிடவில்லை. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யங்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, சாதியால் ஒடுக்கப்பட்ட தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் தலைப்பாகை கட்டி அதில் ஏறிப் போனார். கேரளம் இன்றும் அதை வில்வண்டிப் பயணம் என்றே நினைவுகூர்கிறது. பெரியம்மா வீட்டு வண்டிக்கு அடியில் கிடந்தபோது எனக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. அய்யங்காளி ஏறிப் போன வண்டியிலும் இப்படி இரண்டு தகடுகள் ஆடியிருக்கும்.

வில்வண்டி வரைக்கும் வந்துவிட்டேன். ஆனால் பெட்டியில் இருந்த இடம்புரிக்கு இன்னும் விடை இல்லை. அதற்கு அப்பா ஜீப் ஓட்டிய மலைக்கு ஏற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் என் ஜீப்பும் என்னை மலைக்குத் துரத்தியது.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த ஜீப், ரப்பர் புஷ் போட்டது. முன்பக்க ஷாக்கிளில் ஆட்டம் வந்ததால் ஓர் ஒர்க்‌ஷாப்பில் எட்டு புஷ்ஷையும் புதிதாக மாற்றினேன். இரண்டே மாதத்தில் ரப்பர் கிழிந்து நாராகத் தொங்கியது. காசு போனதைவிட, போடிமெட்டு இறக்கத்தில் ஸ்டீயரிங் தன் போக்கில் இடமும் வலமும் இழுத்ததுதான் பயம். பதினேழு கொண்டை ஊசி வளைவும் கையை எடுக்காமல் இறங்கினேன். அடுத்த வாரமே பூப்பாறைக்கு, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரிடம் போனேன். அவருடைய தாத்தா உத்தமபாளையத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வந்தவர். பூப்பாறையில் எல்லோருக்கும் இவர் ஆசான்.

கிழிந்த புஷ்ஷை விரலில் உருட்டியபடி ஆசான் கேட்ட முதல் கேள்வி: "ஜாக்கியில தூக்கி வச்சுட்டேதான போல்ட்ட முறுக்குனாங்க?"

ஆமாம், அப்படித்தான்.

"அதான். ரப்பர் புஷ்ஷு வழுக்காதுப்பா, முறுகும். வண்டி அந்தரத்துல தொங்குறப்ப இறுக்கிட்டா, அந்த நெலதான் அதுக்கு ஓய்வு. கீழ எறக்குன ஒடனே முறுகிப்போயி நிக்கும். நீ ஓட்டாம நிறுத்தி வச்சிருந்தாலும் முறுகிக்கிட்டேதான் இருக்கும். பெறகு ஏன் கிழியாது?"

சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் பட்டையில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இத்தனை சின்ன விஷயம். எந்தக் கடையும் சொல்லாத விஷயம்.

அப்போதுதான் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடவில்லை. கட்டைவிரல் நகத்தைத் தலையின் வரியில் ஓட்டினார். அவ்வளவுதான்.

"இது பழைய மரை ஷாக்கிள். ஷாக்கிளே ஒத்தைக் கம்பி, யூ மாதிரி வளைஞ்சு ரெண்டு காலும் மரை போட்டிருக்கும். மேல் கால் சேசிஸ்ல இருக்குற புஷ்ஷுல திருகும், கீழ்க் கால் பட்டைக் கண்ணுல இருக்குற புஷ்ஷுல திருகும். வண்டிக்கு நாலு ஷாக்கிள், எட்டு புஷ்ஷு. ஆறு வல மரை, ரெண்டு மட்டும் இட மரை. தலை மொட்டையா இருந்தா வலது. வரி இருந்தா இடது. வெளிச்சமே இல்லாத எடத்துலயும் நகத்த வச்சுக் கண்டுபிடிக்கத்தான் அந்த வரி."

வீட்டுக்கு வந்து வில்லீஸ் ஜீப்பின் பழைய பழுதுபார்ப்புக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆசான் சொன்னது எழுத்துக்கு எழுத்து இருந்தது. ஆறு மொட்டைத் தலை, இரண்டு வரித் தலை. இட மரை உள்ள ஷாக்கிளின் கீழ்க் காலில் அடையாளத்துக்கு ஒரு சிறு புடைப்பு. அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவருக்குக் கற்றுத்தந்தவரும் கண்டிருக்க மாட்டார்.

மரையில் ஏன் ஆடவிட வேண்டும் என்பது கையில் வைத்துப் பார்த்தால் புரிகிறது. வழவழப்பான ஆணியைவிட மரைக்குப் பரப்பு அதிகம், பாரம் பல வரிகளில் பிரிந்துவிடும். வரிகளுக்கு நடுவே கிரீஸ் தங்கும். வண்டி பக்கவாட்டில் சாயும்போது வரும் தள்ளுதலையும் அதே மரை தாங்கிக்கொள்கிறது. பெரியம்மா வீட்டு வண்டியில் பிறையாகத் தேய்ந்த அந்த ஆணிக்கு இதுதான் பதில். 1930களின் அமெரிக்கக் கார்களில் புழங்கிய இந்த மரை ஷாக்கிள்தான் போர்க்கால ஜீப்பிலும் ஏறியது. 1940 செப்டம்பர் 23 அன்று அமெரிக்கன் பாண்டம் கம்பெனி முதல் ஜீப் மாதிரியை ராணுவத்திடம் ஓட்டிக் கொடுத்தது. பிறகு வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தன. போர் முடிந்ததும் அவற்றில் கொஞ்சம் இங்கே ராணுவ டிஸ்போசலில் கைமாறின, நாற்பதுகளின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா அதே ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த கடினமான பாதைகளில் ஒன்று அப்பாவின் ஏலமலை.

இந்த மலையில் சாமான் ஏற்ற மனிதர்கள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். மூணாறில் 1902லிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயில் ஓடியது, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே இறங்கியது. 1924 வெள்ளம் ரயிலை அள்ளிக்கொண்டு போனது. ஜீப்பை மட்டும் எந்த வெள்ளமும் நிறுத்தவில்லை. இன்றும் விடியுமுன்னே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலம் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறுகின்றன. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக இடுக்கியின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் ஜீப்பில். அந்தப் பாதையில் ஒருமுறை போனவர்களுக்கு ஜீப் எப்படி இடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் அப்படி இடிக்கிறது என்பதையும் ஆசான்தான் காட்டினார். பழைய ஜீப்பின் முன்பட்டையில் ஷாக்கிள் முன்னால், நிலையான போல்ட் பின்னால். "கல்லுல முட்டுனா சக்கரம் கொஞ்சம் பின்வாங்கணும்ல? இதுல பட்டை நீளுறது முன்னால. சக்கரம் கல்லப் பாத்து இன்னும் முன்னால போவுது. அதான் அடி."

ஜீப்பில் பட்டை ஸ்பிரிங்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2010இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பில் பின்பக்கம் மட்டும் பட்டை மிஞ்சியது. 2020 தாரில் நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். ஆசானின் பட்டறைச் சுவரில் சாய்த்துவைத்திருக்கும் உடைந்த பட்டைகளை அரிவாள் அடிப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போகிறார்கள். நல்ல இரும்பு வீணாகாது, சந்தோஷம். ஆனால் புதிய வண்டி சொகுசாகப் போகிறது என்பதற்காக, வரியை நகத்தால் படிக்கிற கை இல்லாமல் போவதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கையை நம்பித்தான் அத்தனை பெண்கள் தினமும் மலையேறி இறங்குகிறார்கள்.

"அப்பா இதை ஏன் எடுத்து வச்சார் ஆசானே?"

"வல மரை எந்தக் கடையிலயும் கெடைக்கும். இது தேஞ்சா வண்டி நிக்கணும், மதுர வரைக்கும் அலையணும். ஒங்கப்பா ஒண்ணு எப்பவும் ஸ்பேரா வச்சிருப்பாரு. வேற எவன் வண்டியாச்சும் நின்னா, அதக் குடுத்துட்டு, மதுரைக்கு ஆள் போறப்ப வேற வாங்கி வச்சுக்குவாரு."

அன்று மாலை என் ஜீப்புக்குப் புது ரப்பர் புஷ்கள் ஏறின. போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு ஆசான் ஜாக்கியை இறக்கினார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார், பட்டறைப் பையனைப் பக்கத்தில். பம்பரை மிதித்து வண்டியை நாலு தடவை அழுத்தி ஆடவிட்டு, அது நின்ற பிறகு அடியில் புகுந்து ஒவ்வொன்றாக முறுக்கினார். சீட்டில் உட்கார்ந்தபடி எட்டு ஸ்பேனர் சத்தத்தையும் எண்ணினேன்.

கிளம்பும்போது கையைத் துடைத்தபடி சொன்னார்: "சாந்தாம்பாறையில ஒரு பழைய வண்டி இருக்குப்பா. முன்பக்கம் இடது ஷாக்கிள்ல புஷ்ஷு போயி, கம்பியச் சுத்தி ஓட்டிக்கிட்டிருக்கான். இது நல்லாத்தான் இருக்கு."

செய்தித்தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.