கூறியது கூறல்

நன்னூல் வகுத்த பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பதும் ஒன்று. இருபது ஆண்டுகளாக மாணவர் கட்டுரைகளில் அக்குற்றத்தைச் சிவப்பு மையினாற் சுட்டிவந்த யான், கணினியிலும் அஃது உண்டென்பதை ஒரு மாணவனின் கண்ணீராலேயே அறிந்தேன்.

யான் முன்னர்க் கற்பித்த ஒரு பாடசாலையில், பழைய மாணவர் ஒருவர் அன்புடன் ஆக்கித் தந்த செய்நிரலே பரீட்சைப் புள்ளிகளைக் கணித்து வந்தது. நோயினால் எழுதாத பாடத்தைச் சராசரியிற் சேர்த்தலாகாது என ஆசிரியர் கூட்டம் ஒருமுறை முடிவு செய்தது. சராசரி காணும் வரிகளோ தேர்ச்சி அறிக்கை, வகுப்பு நிலை, பரிசுப் பட்டியல் ஆகிய மூன்றிடங்களிற் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு திருத்தப்பட்டன, மூன்றாவது மறக்கப்பட்டது. காய்ச்சலால் ஒரு பாடம் எழுதாத மாணவன், அறிக்கையில் முதலாம் நிலை பெற்றும், பரிசளிப்பு விழாவிற் பெயர் அழைக்கப்படாது அமர்ந்திருந்தான். பட்டியலிற் கையொப்பமிட்டவன் யானே.

மறுவாரம் அப்பழைய மாணவர் வந்து, மூன்றாவது படியையும் திருத்தியபின், கருவியொன்றை இயக்கிக் காட்டினார். அஃது எழுத்துக்களை அன்றிச் செய்நிரற் சொற்களின் வரிசையை ஒப்பிடுவது. ஆதலின் இடைவெளியும் குறிப்புரையும் வேறுபட்டாலும் இரட்டிப்பைக் கண்டுகொள்ளும். பின்னர் அவ்வரிகளைத் துணைச் செய்நிரலொன்றாகப் பிரித்துப் பெயரிட்டு, மூன்றிடங்களிலும் அப்பெயரை மட்டும் நிறுத்தினார். வெளிப்பயன் மாறாது உள்ளமைப்பைச் சீர்செய்யும் இம்முறையை, மார்ட்டின் பவுலர் 1999இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவச் செய்ததாம்.

கருவி மற்றோர் இணையையும் காட்டியது. புள்ளிச் சராசரியை முழுவெண்ணாக்கும் வரிகளும், வரவு வீதத்தை முழுவெண்ணாக்கும் வரிகளும் ஒன்றே போலிருந்தன. அவர் இணைக்க முற்பட்டார்.

“தம்பி, இருவர் சமநிலை பெற்றால் நாளை சராசரியை இரண்டு தசமதானங்களில் எழுத நேரும். வரவும் அவ்வாறே மாறவேண்டுமா?” என்றேன்.

“வேண்டியதில்லை, ஐயா” என்று கையை எடுத்தார்.

ஒரு சொல் வேறு பொருளில் மீண்டும் வருவதைச் சொற்பின்வருநிலை என அணிநூலார் போற்றுவர், குற்றமென்னார். கருவி காண்பது வடிவொப்புமை. பொருளொப்புமையைத் தேர்வது மனிதர் கடன்.

அம்மாணவனுக்குரிய பரிசு பின்னர்க் காலைப் பிரார்த்தனையின்போது வழங்கப்பட்டது. ஆயினும், பெற்றோர் காத்திருந்த அந்த மாலை மீளவில்லை. கல்லூரிகளுக்குச் செய்நிரல் ஆக்கித்தரும் பழைய மாணவ அன்பர்களே, ஒரு விதியை ஓரிடத்தில் எழுதுங்கள். இரு விதிகளை ஒன்றென மயங்காதீர்கள்.