வாத்துக்காரச் சிறுமிக்கு ஒரு முத்தம்

ஜெர்மனியில் கெட்டிங்கன் என்ற ஊருக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது 1737-ல் தொடங்கிய அதன் பிரசித்தி பெற்ற சர்வகலாசாலையை அல்ல. பழைய நகர மண்டபத்துக்கு எதிரே நீரூற்றின் நடுவில் வாத்துக்களோடு நிற்கும் வெண்கலச் சிறுமியைத்தான். 1901-ல் முதன்முதலாக வைத்த சிலை. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் மேலே ஏறி அவள் கன்னத்தில் முத்தமிட்டு, பூச்செண்டு கொடுத்துவிட்டு இறங்க வேண்டும் என்பது சம்பிரதாயம். 1926-ல் அதிகாரிகள் தடை உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்?

நான் போன அன்றும் ஒரு புது டாக்டரைச் சின்னக் கைவண்டியில் வைத்துத் தோழர்கள் இழுத்து வந்தார்கள். தலையில் விசித்திரமான அட்டைத் தொப்பி. ஒரே கைதட்டல்! பக்கத்தில் நின்ற பிரேஸில் நாட்டுப் பெண்ணிடம், "உங்கள் முறை எப்போது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். சம்பளமோ நான்கு மாதத்தில் நின்றுவிடும்" என்றாள்.

காப்பிக் கடையில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். முதலில் நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினாளாம். ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு ஒரே ஒரு பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்து, அதில் எழுந்த சந்தேகத்தைப் பத்து வரியில் எழுதிக் கேட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது! ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறவரை ஜெர்மானியர் 'டாக்டர் தகப்பனார்' என்றே அழைக்கிறார்கள். பெண்மணியானால் 'டாக்டர் தாயார்'. பெரும்பாலும் இந்தத் தகப்பனார் கிடைத்த பிறகுதான் சர்வகலாசாலை மனுவையே வாங்கிக்கொள்ளும். மாக்ஸ் பிளாங்க் நிலையங்கள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிப் பள்ளிகள் போன்றவற்றில் ஒரே மனுவைக் குழுவாக உட்கார்ந்து பரிசீலிக்கிறார்கள்.

படிப்புக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை சிறு தொகை கட்டினால் போதும். சாப்பாட்டுக்கு? 1925-ல் ஏற்பட்ட டாட் என்ற ஸ்தாபனம் அயல்நாட்டாருக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. இல்லாவிட்டால் உத்தியோக விளம்பரத்தைப் பார்த்து மனுப் போடவேண்டும். அதில் '65 சதவீதம்' என்று இருந்தால், முழுச் சம்பளத்தில் அவ்வளவுதான் என்று அர்த்தம். வேலை என்னவோ நூறு சதவீதம்தான் என்று சிரித்தாள். அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருஷம். ஆராய்ச்சி அதற்குள் முடிவது அபூர்வம்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. கணித மேதை எம்மி நோத்தர் 1915-ல் இங்கே வந்து, ஹில்பெர்ட்டின் பெயரால் வகுப்பு எடுத்தார். பெண் என்பதால் 1919 வரை சொந்தப் பெயரில் பாடம் சொல்ல உரிமை இல்லை. சொற்பச் சம்பளம் கிடைக்கவே 1923 ஆயிற்று.

"நேர்முகப் பேட்டியின்போதே, 'பணம் எத்தனை மாதத்துக்கு? அதற்குப் பிறகு யார் கொடுப்பார்கள்?' என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டேன்" என்றாள் அந்தப் பெண். இப்போது பேராசிரியர் வேறு நிதிக்கு எழுதியிருக்கிறாராம். ஆராய்ச்சியை முடிப்பதற்கென்றே கிடைக்கும் சிறு உபகாரச் சம்பளத்துக்கு இவளும் மனுப் போட்டிருக்கிறாள்.

வெளியே கைவண்டியைத் திருப்பி இழுக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.