தம்பியின் 100ஆம் இலக்க பஸ்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் என் தம்பி வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான். மற்ற வீடுகளில் இது ஒரு செய்தியே அல்ல. எங்கள் வீட்டில், உம்மா வாசலில் நின்று அழுதா.

தம்பிக்கு ஒன்பது வயது. ஓட்டிசம் உள்ளவன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவில் ஒலிபெருக்கி திடீரெனக் கீச்சிட்டபோது, காதைப் பொத்திக்கொண்டு நடுவீதிவரை ஓடிவிட்டான். அதன்பின் வியாழன் இரவென்றால் எங்கள் வீட்டில் தூக்கமில்லை. "நாளைக்கு வெள்ளிக்கிழமையா?" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பான். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று நானும் விடியும்வரை சொல்வேன்.

முதலில் போன இடத்தில் அவனிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம் என்று வரிசையாக இருந்தன. "பயம் வரும்போது மனதில் என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள். தம்பி முகங்களை எண்ணிப் பார்த்துவிட்டு "ஏழு" என்றான். பிள்ளை ஒத்துழைக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் செய்ய முயன்றது அறிகை நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க உளமருத்துவர் வகுத்த வழியில் வளர்ந்தது. பயமூட்டும் எண்ணத்தைக் கண்டுபிடித்துச் சோதிப்பது, பயப்படும் விடயத்தைப் படிப்படியாக நெருங்குவது என்பவை அதன் அடிப்படை. ஆனால் உள்ளே நிகழ்வதைச் சொல்லில் எடுத்துச் சொல்வதுதான் ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கடினம்.

அடுத்துப் பார்த்த டொக்டர் முதலில் கேட்டது, "இவருக்கு என்ன விருப்பம்?" என்பதைத்தான். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ் என்றோம். அவர் உடனே ஒரு கோடு கீறினார். வெள்ளவத்தை என்றால் பயமே இல்லை. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை என்று ஏறிப் புறக்கோட்டை வந்தால் தாங்கவே முடியாது. "இப்ப எந்த ஹோல்ட்?" என்று கேட்டார். "கொள்ளுப்பிட்டி" என்றான் தம்பி. தன் பயத்தை அவன் எங்களுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு படிகள் தொடங்கின. ஆளில்லாத நேரத்தில் பள்ளிவாசலின் படலையடி, அதன்பின் உள்ளே ஐந்து நிமிடம், பிறகு ஓர் அஸர் தொழுகை. கோட்டையைத் தாண்டினால் ஒரு படி இறங்குவோம். வீட்டில் பயிற்சி கொடுக்க எங்களுக்கும் கற்பித்தார்.

இன்னொன்றும் சொன்னார். "சத்தம் ஒன்றும் செய்யாது என்று இவருக்குச் சொல்லாதீங்க. இவர் காதுக்கு அது உண்மையாகவே வலி." அதனால் ஒலிபெருக்கிக்குத் தூரமான மூலையில் இடம் பார்த்தோம், காதுக்கு மூடியும் வாங்கினோம். வலியைக் குறைத்த பின்புதான் பயத்தைப் பழக்க முடிந்தது. இரண்டு வருடமாக நான் சொன்ன "ஒன்றுமில்லை" அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

அமெரிக்காவில் 7 முதல் 13 வயது வரையான, ஓட்டிசமும் பதகளிப்பும் உள்ள 167 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்று 2020இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. வழமையான சிகிச்சையும் உதவியது; ஓட்டிசத்துக்கேற்ப மாற்றியமைத்த சிகிச்சை அதைவிடக் கூடுதலாக உதவியது. எங்கள் வீட்டில் கண்டதும் அதுவே.

பெருநாள் தொழுகை முடிந்து வந்தவனிடம், "எந்த ஹோல்ட் வரைக்கும் போனாய்?" என்று கேட்டேன்.

"மைக் போட்டநேரம் கொள்ளுப்பிட்டி, ராத்தா. பொறகு பஸ் திரும்பிட்டு" என்றான். வட்டிலப்பத்தைப் பார்த்தபடி.