ஐ7-ஐ ஜெயித்த ஐ5: டெய்லர் அப்பாவும் மகளின் லேப்டாப்பும்

கையில் இருந்தது சீட்டு எடுத்த 25,000 ரூபாய். அரக்கோணத்தில் ஒற்றை மெஷின் போட்டு டெய்லர் கடை நடத்தும் அப்பாவுக்கு ஒரே நிபந்தனைதான். "வாங்குறதுன்னா ஐ7 வாங்கணும். ஐ3, ஐ5 எல்லாம் சும்மா." பேன்ட் ஆல்டர் பண்ண வந்த யாரோ சொல்லிவிட்டுப் போனது அது. எம்.எஸ்சி புள்ளியியல் படிக்கும் மகள் அப்போது எதிர்த்துப் பேசவில்லை.

அவளுக்கு வேண்டியது கணக்குப் போடும் லேப்டாப். ப்ராஜெக்ட்டில் 'பூட்ஸ்ட்ராப்' என்றொரு முறை. 1979-ல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்தது. கையில் உள்ள தரவிலிருந்தே குலுக்கல் போட்டு ஒரு மாதிரி எடுத்து, கணக்கைப் போட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி கணக்குப் போட்டு, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். அவள் இதை 10,000 முறை செய்தாக வேண்டும். கல்லூரி லேபை மாலை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். கணக்கு பாதியில் நின்றுபோகும். ப்ராஜெக்ட் கொடுக்க ஆறு வாரம்தான் இருந்தது.

அலுவலகங்கள் கழித்த லேப்டாப்களைச் சரிசெய்து விற்கும் கடைகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உண்டு. அப்படி ஒரு கடையில் இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் ஐ7-6600யு, இன்னொன்றில் ஐ5-8250யு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "அண்ணே, இது ஐ7. ஸ்பீடு 2.6 கிகாஹெர்ட்ஸ். அது வெறும் 1.6. நீங்களே பாத்துக்கங்க" என்றார் கடைக்காரர். அப்பாவின் கை அதற்குள் ஐ7 மேல் போயிருந்தது.

கடைக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் சிக்கல். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்த வருடத்து வகுப்புக்குள் கிடைத்த ரேங்க் மாதிரி. எந்த வருடத்து வகுப்பு என்பதை அடுத்து வரும் எண் சொல்லும். 6600 என்றால் ஆறாம் தலைமுறை, 2015-ல் வந்தது. 8250 எட்டாம் தலைமுறை, 2017. கடைசியில் இருக்கும் 'யு', மின்சாரம் குறைவாக இழுக்கும் மெல்லிய லேப்டாப்புக்கானது என்பதற்கு அடையாளம். ஆறாம் தலைமுறை 'யு' வகையில் ஐ7 ஆனாலும் இரண்டு கோர்தான். எட்டாம் தலைமுறையில் ஐ5-க்கே நான்கு கோர் வந்துவிட்டது. அந்த 2.6, 1.6 எல்லாம் அடிப்படை வேகம். வேலை வந்தால் இரண்டுமே 3.4 வரை ஏறக்கூடியவை.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?

"அப்பா, கோர்னா ஒரு டெய்லர்னு வச்சுக்கங்க. கிகாஹெர்ட்ஸ்ங்கறது அவர் பெடல் மிதிக்கிற வேகம். இதுல ரெண்டு டெய்லர், அதுல நாலு டெய்லர்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நாலு பேரு உக்காந்தா மட்டும் ஒரு சட்டை சீக்கிரம் முடிஞ்சிடுமா? காலரைத் தைக்காம கழுத்துல வைக்க முடியாதே."

அருமையான கேள்வி. கோர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிற பலர் கேட்க மறப்பது இதைத்தான். ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி என்றிருக்கும் கணக்குக்கு நான்கு கோர் இருந்தும் பலனில்லை. மூன்று சும்மா உட்கார்ந்திருக்கும்.

"ஒரே சட்டைன்னா முடியாதுப்பா. என்கிட்ட இருக்கிறது 10,000 சட்டை. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இல்ல."

பேச்சோடு விடவில்லை. பென் டிரைவில் 'ஆர்' மென்பொருளையும் தன் ப்ரோகிராமையும் கொண்டுவந்திருந்தாள். 500 முறை மட்டும் ஓட்டிப் பார்க்கக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். பிரிக்காமல் ஓட்டினால் 'ஆர்' பொதுவாக ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். முதல் தடவை அப்படி ஓட்டியதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடித்தன. "நான் சொல்லல?" என்று சிரித்தார் கடைக்காரர். அடுத்து, கோருக்கு ஒரு பங்காக வேலையைப் பிரித்து ஓட்டினாள். ஐ5 தெளிவாக முந்தியது.

அதோடும் நிறுத்தாமல் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஓட்டினாள். சூடேறினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பில் தூசி அடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். அப்பா குனிந்து விசிறிச் சத்தத்தைக் கேட்டார். மோட்டார் சத்தத்தை வைத்தே மெஷினில் என்ன கோளாறு என்று சொல்பவர் அவர். "சீராத்தான் ஓடுது" என்றார்.

விண்டோஸ் விஷயமும் இருந்தது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்த ஐ7-க்கு அங்கேயும் இடமில்லை.

புது லேப்டாப்பே வேண்டும் என்றால் ஐ3-1215யு போன்றவை உண்டு. பன்னிரண்டாம் தலைமுறை, ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கும் வேலை அதிகம் என்பதால், பெயரில் ஐ3 இருந்தாலும் இந்த இரண்டையும் தாண்டிவிடும். ஆனால் அவர்கள் கேட்ட இடங்களில் அது 25,000-க்குள் வரவில்லை.

மீதிப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் போடச் சொன்னாள். வேலையை நான்காகப் பிரித்தால் விண்டோஸில் ஒவ்வொரு பங்குக்கும் தரவின் நகல் ஒன்று தேவைப்படும். ரேம் நிரம்பினால் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அப்புறம் எந்த ப்ராசஸர் இருந்தும் ஆமை வேகம்தான். பேட்டரி சீக்கிரம் இறங்குவதைப் பார்த்து, வேறு மாற்றித் தரச்சொல்லி அப்பா பேரம் பேசினார். மூன்று மாத வாரன்டியை பில்லிலேயே எழுதி வாங்கினார்.

முழு 10,000-ஐயும் அன்று இரவே ஓட விட்டாள். வழக்கமாகப் படுக்கப் போகும் முன் கடையின் மெயின் சுவிட்சை அணைப்பவர், அன்று அதன் மேல் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட்டுப் போனார், யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று.