ஆளைக் காணேல்லை

ஊரில ரெண்டு நாள் சந்திப் பக்கம் போகாட்டில், மூன்றாம் நாள் ஆராவது கேட்டே தீருவினம்: "என்ன, ஆளைக் காணேல்லை?" தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்பார். சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கிற ஐயா கேட்பார். வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து மாமி கேட்பா. இவைக்கு ஏன் இந்தத் தேவையில்லாத விடுப்பு என்று எங்களில் பலர் சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பிலும் நியாயம் இருக்கு. பெண்பிள்ளைகளிடம் வரும்போது இதே கேள்வி "எங்க போனனி, ஆரோட போனனி" என்ற விசாரணையாகிவிடும்.

ஆனால் அந்தக் கேள்வியே இல்லாத வாழ்க்கையை யோசித்துப் பார்ப்போம். நாங்கள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்றால் எப்படி இருக்கும்?

'ஒரு பொருட்டாக மதித்தல்' என்று தமிழில் சொல்கிறோமே, அதைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் மொரிஸ் ரோசன்பேர்க் 1981இல் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார். பிறர் எங்களைக் கவனிக்கிறார்கள், எங்களில் அக்கறைப்படுகிறார்கள், எங்களை நம்பியிருக்கிறார்கள் என்ற உணர்வுகள் அதில் அடங்கும் என்றார். முதல் இரண்டையும் பற்றி நிறையக் கதைக்கிறம். மூன்றாவதைத்தான் மறந்துபோகிறம்.

செத்தவீடுகளில் அதைக் காணலாம். "தம்பியவை, கதிரையை இறக்குங்கோ", "பிள்ளை, தேத்தண்ணி எல்லாருக்கும் வந்ததோ பார்" என்று ஆளாளுக்கு ஒரு வேலை வரும். வீட்டில் பேசாத பெடியனும் அன்றைக்கு ஓடித்திரிவான். அவன் இல்லாவிட்டால் ஒரு வேலை நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் சாதி பார்த்து வேலையைப் பிரிக்கிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் சபையில் சமமாக இருக்க விடாவிட்டால், அது பொருட்படுத்தல் இல்லை. தேவைப்படுவது வேறு, மதிக்கப்படுவது வேறு.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். தாயின் இறுதிக்கிரியையை மகன் போனில் நேரலையாகப் பார்க்கிறான். அவன் இருக்கிற நாட்டிலும் தனிமை சின்னப் பிரச்சினை இல்லை. பிரித்தானியா 2018இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. வேலை முடிந்து அறைக்குள் போனவன் ரெண்டு நாள் வெளியில் வராட்டில், கதவைத் தட்ட ஆரிருக்கினம்?

'காணேல்லை' என்ற சொல்லுக்கு எங்கட மண்ணில் இன்னொரு பாரமும் உண்டு. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பல பெற்றோர் தேடித்தேடியே இறந்துபோனார்கள். காணாமல் போனோர் அலுவலகம் வந்தது, இழப்பீடு பற்றிய பேச்சும் வந்தது. காசு வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கோ என்று பல அம்மாக்கள் மறுத்தார்கள். அரசின் கோப்பில் அந்தப் பிள்ளை ஓர் இலக்கம். தாய் படத்தைக் கையில் வைத்திருக்கும்வரைதான் அது ஓர் ஆள். ஒருவர் இல்லாததை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் அவரைப் பொருட்படுத்துவதுதான்.

இளையோராகக் கூடுகிற எங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. புதிதாக வருகிற ஆளிடம் "சுகமா?" என்று கேட்டுவிட்டு மூலையில் இருத்தினால் காணாது. சாதி, ஊர், ஆண் பெண் பார்க்காமல் ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்க வேணும். கூட்டக்குறிப்பு எழுதட்டும். அடுத்த புத்தகத்தை அவரே தெரிவுசெய்யட்டும். வாசிகசாலைத் திறப்பை அவரிடமே கொடுத்துவிடுவோம். அவர் வராட்டில் கதவு திறபடாது, நாங்களும் வாசலில் நின்று அவரைத் தேடுவோம்.